சோஹாரில் மாடு முட்டிய வெள்ளிக்கிழமை

1994 நவம்பர் 17, வியாழக்கிழமை. பகல் ஒன்றரை மணிக்கு துபாய் தேராவிலிருந்து கிளம்பினோம். அரை நாள் டூட்டி முடித்து, சட்டையைக்கூட மாற்றாமல் காரை எடுத்தேன். பக்கத்து சீட்டில் என் ராத்தா, அதாவது அக்கா, சுபைதா. பின்னால் அவர் மகள் நஸ்ரின், பத்து வயது. மச்சானோடு சவூதியில் அல் கோபாரில் குடியிருக்கும் ராத்தா அன்று காலைதான் தஹ்ரானிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். எங்கள் மூத்த அண்ணன் அமீன் காக்கா ஓமனில், சோஹார் ஊரில் துணிக்கடை பார்க்கிறார். கீழக்கரையில் ஒரே வீட்டில் வளர்ந்த மூன்று பேரும் மூன்று நாட்டில் இருக்கிறோம். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இந்த இரண்டு நாளுக்கான விசாக்களை வாங்க இரண்டு மாதம் அலைந்தேன். கிளம்பும்போதே களைத்திருந்தேன்.

ஹத்தா வரை ஏறக்குறைய நூற்றுப் பத்துக் கிலோமீட்டர். செம்மணல் மேடுகள் ஒரு மணி நேரம் கூடவே வந்தன. பிறகு கரிந்த அடுப்புக்கல் போன்ற மலைகள். ஹத்தாவில் இருபது திர்ஹமுக்குப் பெட்ரோல் போட்டேன். அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த ராத்தா கேட்டார்:

"அவரு மாட்டுச் சண்டைக்கெல்லாம் போவாராமே?"

'அவரு' என்றது காக்காவை. "அவரோட அர்பாப் மாடு வளக்குறாரு ராத்தா," என்றேன். அர்பாப் என்றால் விசா கொடுத்த முதலாளி. "நாளைக்கு அந்த மாடு முட்டுதாம்."

"உம்மா மௌத்துக்கு வர நேரமில்ல. மாட்டுக்கு நேரம் ஈக்கிது."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன் கீழக்கரையில் உம்மா படுத்த படுக்கையானபோது, ராத்தா போய், உம்மா கண் மூடும்வரை கடைசி இருபது நாளும் பக்கத்தில் இருந்தார். காக்கா வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ராத்தா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். நானும்தான் போகவில்லை. ஆனால் கம்பெனி லீவு தரவில்லை என்று நான் போனில் சொன்னதை ராத்தா நம்பினார். உண்மையில் நான் லீவே கேட்கவில்லை. ஸ்டோரில் மேல் பதவிக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு மாதம் போய்விட்டால் அந்த இடம் வேறொருவனுக்குப் போகும் என்று பயந்தேன். இது தெரிந்த ஒரே ஆள் காக்கா. அவரிடம் போனில் அழுது சொல்லியிருந்தேன்.

வஜாஜா எல்லைச் சாவடியில் இரண்டு மணி நேரம் போயிற்று. நஸ்ரினின் போட்டோவில் முடி குட்டையாக இருக்கிறது, இது வேறு குழந்தையோ என்று அங்கிருந்த அதிகாரிக்குச் சந்தேகம். சோஹார் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடை வாசலில் நின்றிருந்த காக்காவுக்குத் தாடி முழுவதும் நரைத்திருந்தது. "வா சுபைதா," என்றார். ராத்தா அவரைப் பார்க்காமல், "குழந்தைக்குப் பசிக்கிது," என்று என்னிடம் சொன்னார்.

வெள்ளி, காலை எட்டு மணி. ஓமனின் தேசிய நாள் அந்த வருடம் வெள்ளிக்கிழமையில் வந்திருந்தது. வெள்ளைக் கோட்டையைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் ஊர்வலம். முதலில் கொடி பிடித்த பள்ளிப் பிள்ளைகள். அடுத்து மேளத்துக்கு ஏற்ப வாளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் கிழவர்கள். அவர்களுக்குப் பின்னால் பலூன் கட்டிய தண்ணீர் லாரி, அதற்கும் பின்னால் காகிதப் பூமாலை போட்ட குப்பை லாரி. அதை ஓட்டி வந்த வங்காளிதான் அந்த ஊர்வலத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர். கடைசியில் இரண்டு குதிரைகள் ஒட்டி ஓடிவந்தன. மேலே இருந்த இருவரும் ஒருவர் தோளை ஒருவர் அணைத்திருந்தார்கள்.

"மாமா, தே ஆர் பிரதர்ஸா?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"தெரியலம்மா," என்றார் காக்கா. அவர் வாங்கிவந்த டீ, கோப்பை நூறு பைசா. ராத்தாவின் கோப்பை ஆறிப்போய் கார் மேலேயே இருந்தது.

ஜும்ஆ தொழுகை முடிந்து, காக்காவே ஆக்கிய மீன் சோற்றைச் சாப்பிட்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு நாலு மணிக்கு மாடு முட்டும் திடலுக்குப் போனோம். டிக்கெட் கிடையாது. பேரீச்சந் தோப்புக்கு நடுவே ஒரு பொட்டல். சுற்றிலும் முந்நூறு நானூறு பேர் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வட்டத்துக்குப் பின்னால் கார்களும் பிக்கப்களும். பெண்கள் அநேகமாக இல்லை. ராத்தா கண்ணாடியை இறக்கிவிட்டு காருக்குள்ளேயே இருந்தார். நஸ்ரின் பானெட்டில் ஏறிக்கொண்டாள்.

இங்கே மாட்டை மனிதன் அடக்குவதில்லை. மாடும் மாடும் முட்டிக்கொள்கின்றன. பின்வாங்கி ஓடுகிற மாடு தோற்றது. இரத்தம் வருவதற்குள் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பிரித்துவிடுகிறார்கள். பந்தயமும் இல்லை. ஜெயித்த மாட்டுக்கு விலை ஏறும், அவ்வளவுதான். பேரீச்சம்பழம், நெய், கருவாடு என்று இந்த மாடுகள் சாப்பிடுவதைக் கேட்டால், கேம்ப் மெஸ்ஸில் பருப்புத் தின்னும் நம் ஆட்களுக்கு அழுகை வரும்.

நான்காவது ஜோடியில் அர்பாபின் கறுப்பு மாடு இறங்கியது. இரண்டும் நெற்றியோடு நெற்றி பதித்து நின்றன. கால் மட்டும் மணலில் புதைந்துகொண்டே போனது. மூன்று நிமிடம் இருக்கும். சட்டென்று கறுப்பு மாடு தலையை உருவிக்கொண்டு திரும்பியது. கயிறு பிடித்திருந்தவர் கீழே விழுந்தார். மாடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு கார்கள் நின்ற பக்கம், எங்களை நோக்கி ஓடிவந்தது. மணலில் இருந்தவர்கள் நாலாபக்கமும் சிதறினார்கள். நான் நஸ்ரினைத் தூக்கப் போய்த் தடுக்கி விழுந்தேன்.

காக்கா எனக்கு முன்னால் போய் நின்றார். ஓடவில்லை. இரண்டு கையையும் விரித்து, "தஆல், தஆல்" என்று அரபியில் வா வா என்றார், வீட்டு மாட்டைக் கூப்பிடுகிறவர் போல.

"காக்கா!" என்று காருக்குள்ளிருந்து ராத்தா கத்தினார்.

மாடு வேகம் தணிந்தது. அவரை ஒரு இடி இடித்து உட்கார வைத்துவிட்டு, மூச்சிரைக்க அங்கேயே நின்றது. அவர் உட்கார்ந்தபடியே கயிற்றைப் பிடித்தார். அர்பாப் ஓடிவந்து, "அமீன் பாய், என்னைவிட உன்னைத்தானே இதுக்குத் தெரியும்" என்று இந்தியில் சொல்லி, தோற்ற மாட்டின் நெற்றியில் முத்தமிட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

காக்காவின் முழங்கை உரிந்திருந்தது. ராத்தா இறங்கி வந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, தன் கைக்குட்டையால் கட்டினார். கட்டி முடித்துவிட்டுக் கேட்டார்:

"உம்மாவுக்கு ஏன் வரல நீங்க?"

காக்கா மணலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வந்தேன் சுபைதா. மஸ்கட் ஏர்போர்ட் வரைக்கும் வந்தேன். டிக்கெட்டும் கையில ஈந்துச்சு. ஏறுறதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தாரு. மௌத்தாயிட்டாங்க, அஸருக்கு அடக்கம்னாரு. அதுக்கு மேல என் கால் நகரல. பிளேன் போற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்துட்டு, டாக்சி புடிச்சுத் திரும்பிட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல? பாதி வழில திரும்பிட்டேன்னா?"

ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் கை காட்டினார். "இவனுக்குக் கம்பெனிக்காரன் விடல. பாவம், இவன் என்ன செய்வான். உங்களத்தான் நான் ரெண்டு வருஷமா..."

காக்கா என்னைப் பார்த்தார். "பொழுது போவுது, வீட்டுக்குப் போவோம்," என்று எழுந்தார். அவர் உண்மையைச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

சனி, காலை ஏழு மணி. ராத்தாவும் காக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து புரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தார்கள். உம்மாவின் கையெழுத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை வேண்டித்தான் இரண்டு மாதம் அலைந்தேன். இப்போது அதில் என்னால் உட்கார முடியவில்லை.

"ராத்தா, நான் லீவு கேக்கவே இல்ல," என்றேன். பதவி விஷயத்தையும் சொன்னேன். பதவி எனக்கே கிடைத்ததையும் சொன்னேன்.

ராத்தா கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். "காக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் காக்கா. "விடு சுபைதா. கலாஸ், முடிஞ்சுபோச்சு."

ராத்தா கை கழுவப் போனார். பிறகு நெடுநேரம் வரவில்லை.

பத்து மணிக்குக் கிளம்பினோம். கடை வாசலில் ராத்தா காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். "அடுத்த ஹஜ்ஜுக்கு எங்க பக்கம் வாங்க," என்றார். வரும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர், போகும்போது பின்சீட்டில் நஸ்ரினோடு உட்கார்ந்துகொண்டார். சோஹாரிலிருந்து துபாய் வரை இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். எல்லையில் பாஸ்போர்ட்டைக் கேட்டபோது தந்தார், வாங்கிக்கொண்டார்.

விமான நிலையத்தில் மாலை ஐந்து மணிக்குப் பெட்டியை இறக்கி வைத்தேன். நஸ்ரினை முன்னால் அனுப்பிவிட்டு ராத்தா என் பக்கம் திரும்பினார்.

"உம்மா தினமும் கேட்டாங்க, யூசுப்புக்கு லீவு கெடச்சிச்சான்னு. கம்பெனிக்காரன் விடமாட்டேங்குறான்னு நான்தான் சொன்னேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு தொழுகைக்கும் படுத்த வாக்குல துஆ செஞ்சாங்க. அந்த மனுஷன் கல்பு இளகி மனசு எறங்கணும்னு."

என் தலையை ஒருமுறை தடவிவிட்டு உள்ளே போனார். கோபத்தில் தடவினாரா, மன்னித்துத் தடவினாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை டூட்டிக்குப் போனேன். என் மேனேஜர் வயதான சூடான்காரர்; இரண்டு வருடத்துக்கு முன்பும் இவர்தான். நான் கேட்ட லீவை ஒருநாளும் மறுக்காதவர். ஸ்டோர் வாசலிலேயே கையைப் பிடித்துக் குலுக்கி, "குடும்பத்தோடு நன்றாக இருந்தாயா யூசுப்? ஒரு நாள்தானே எடுத்தாய், இன்னும் இரண்டு நாள் கேட்டிருக்கலாமே?" என்றார்.

மனம் இளகவேண்டும் என்று உம்மா இருபது நாள் துஆ செய்த மனிதரின் முகம் அது. நிமிர்ந்து பார்க்க முடியாமல், வந்து இறங்கியிருந்த பெட்டிகளை எண்ணப் போனேன்.