திரை முழுக்க ஒரு காது

கம்பத்துப் பழைய கார் புரோக்கர் அவர். மஸ்கட்டில் இருந்துகொண்டு ஊரில் அப்பாவுக்குக் கார் தேடிய நான், அவரை வீடியோ காலில்தான் சந்தித்தேன். முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. நான் வாயைத் திறந்தாலே போனைக் காதில் வைத்துவிடுவார். திரை முழுக்க, முடி முளைத்த காது.

"எஞ்சினக் காட்டுங்கண்ணே" என்றேன். காது. "அடியில துரு இருக்கா?" மறுபடியும் காது.

"போனத் திருப்புங்கண்ணே!" என்று கத்தினேன்.

திருப்பினார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் சந்தனம், முன்னால் மாலை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கத் தயாராக இருந்தது.

"அப்பா ஏறி உக்காந்துட்டாக தம்பி. எறங்கச் சொல்லவா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்காகப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

வீடியோ கால் பழகாதவரா, எல்லாம் பழகியவரா? அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.