டர்ரா வெல்ஸில் மூன்று பேர்

எங்கள் ஊர் நூலகத்தில் புள்ளிவிவர மேசையில் இருக்கும் க்ளெனிஸ் ரோடாவிடம் ஒரு எண்ணை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கோதுமைப் பண்ணைக்காரர்கள் மழைக்கணக்கு கேட்டு வருவார்கள். கடை போட நினைப்பவர்கள் ஊரில் எத்தனை குடும்பம் என்று கேட்பார்கள். சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பாமல், எந்த வருஷம், எல்லை எதுவரை, எதற்காக என்று துருவுவாள். பிறகு அட்டவணைக்குக் கீழே உள்ள அடிக்குறிப்பை வாய்விட்டுப் படிக்க வைப்பாள். பக்கத்து இரவல் மேசையில் உட்கார்ந்து இந்தக் கூத்தை வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான்.

"ஏன்டி, அந்த மனுஷன விடேன்," என்பேன்.

"படிக்காம போய்ட்டு நாளைக்கு சண்டைக்கு வருவான். நீயா பதில் சொல்லுவ, நோரீன்?" என்பாள்.

ஒரு ஜூன் மாதக் குளிரில் ஏவிஸ் ட்ரெகிலாஸ் வந்தாள். அவள் தம்பி மெர்வின், எல்லாரும் விட்டுப்போன டர்ரா வெல்ஸில் தனியாக இருந்தவன். பத்து வருஷத்துக்கு முன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வண்டி மட்டும் உப்பு ஏரிக்கரையில் கிடைத்தது. அவன் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்க, அந்த வெள்ளிக்கிழமை ஏவிஸ் மனுவில் கையெழுத்துப் போடவேண்டும். டர்ரா வெல்ஸில் இப்போது யாரும் இல்லை என்று காட்ட ஒரு தாள் வேண்டுமென்று வக்கீல் அனுப்பியிருக்கிறார்.

அந்த ஊரில் ஆள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கூரை போன வீடுகளும் புகைபோக்கிகளும்தான் மிச்சம். க்ளெனிஸ் மக்கள்தொகைக் கணக்கைத் திறந்தாள். ஒரே வரியில் விரலை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் ஏவிஸ்.

"மூணு. ஆண். ஐம்பதுலேருந்து ஐம்பத்து நாலு வயசுக்குள்ள."

மெர்வினுக்கு ஐம்பத்திரண்டு இருக்கும். ஏவிஸ் மேசைமேல் குனிந்தாள். "மூணா? யாரு மூணு பேர்?"

"சின்ன எண்ண அப்படியே போடமாட்டாங்க, கண்ணு. இன்னார்னு கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு கொஞ்சம் மாத்திப் போடுவாங்க. மூணுன்னா அநேகமா ஒருத்தர்."

"அதுக்கு முந்தின கணக்க பாரு."

அதிலும் அதே மூன்று, ஆண். வயது ஐந்து குறைவு. யாரோ ஒருவன் அந்தப் பாழூரில் உட்கார்ந்து எங்களைப் போலவே கிழடாகிக்கொண்டிருக்கிறான்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன். உயிரோட இருக்கிறவன எப்படிச் செத்துட்டான்னு எழுதுவேன்?" என்று ஏவிஸ் அழுதாள்.

க்ளெனிஸ் அன்று சாப்பிடக்கூடப் போகவில்லை. மாலையில் என்னைக் கூப்பிட்டாள். "அடிக்குறிப்பப் பாத்தேன். டர்ரா வெல்ஸ்லேருந்து படிவமே வரல, நோரீன். ரெண்டு தடவையும். ஆள் இருக்குன்னு கணக்கெடுக்கப் போனவர் குறிச்சா, படிவம் வராட்டியும் கம்ப்யூட்டர் அங்க ஒரு ஆளைப் போட்டுடும். வயசெல்லாம் பக்கத்துப் பண்ணையில எவனையாவது பாத்து எடுத்துக்கும்."

"அப்போ அது பொய்க் கணக்கா?"

"ஆளு பொய். ஆனா வீட்டுல ஆள் இருக்குன்னு நெனைக்க, போனவர் எதையோ பாத்திருக்கணும் இல்ல?"

போனவர் டட்லி. தினமும் எங்களிடம் வந்து ஓசியில் பேப்பர் படிப்பவர். மறுநாள் க்ளெனிஸ் கேட்டதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

"அங்க பாத்தத வெளிய சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். என் பொண்டாட்டிகிட்டயே சொன்னதில்ல," என்றார். எழுந்து போகும்போது வாசலில் நின்றார். "பொழுது சாயறப்ப போய் நின்னு பாரு. தனியா போகாத."

வியாழக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் என் காரில் போனோம். எனக்குப் போக இஷ்டமே இல்லை. மெர்வினின் வீட்டுக்கு மட்டும் கூரை இருந்தது. வெளிவாசலிலேயே வண்டியை நிறுத்தினேன். காற்றுகூட இல்லை. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது.

சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. யாரோ சுவிட்ச் போட்ட மாதிரி, பட்டென்று.

"மெர்வின்!" என்று கத்திக்கொண்டு ஏவிஸ் ஓடினாள். க்ளெனிஸ் பின்னாலேயே ஓடினாள். நான் காரை விட்டு நகரவில்லை. பாதி வழியில் ஏவிஸ் நின்றாள். நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன? என்ன பாத்த?" என்று நான் அலறினேன்.

"அது என் விளக்கு," என்றாள். "தோட்டத்துல வைக்கிற சோலார் விளக்கு. அவன் காணாமப் போன வாரம் நான்தான் ஜன்னல்ல மாட்டினேன். இருட்டுல வந்தா வழி தெரியட்டும்னு. அப்புறம் இந்தப் பக்கம் வர மனசு வரல."

மலிவுக்கடை விளக்கு. என் வீட்டில் வைத்தது ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை. இது எப்படிப் பத்து வருஷம் எரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

க்ளெனிஸ் அவள் பக்கத்தில் புழுதியிலேயே உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் ஆளைப் போட்ட கதையை மெதுவாகச் சொன்னாள். எண்ணைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

"அப்போ அந்த ஆள நான்தான் பண்ணேனா?" என்றாள் ஏவிஸ்.

"வெளிச்சத்தப் பாத்து ஆள் இருக்குன்னு எழுதிட்டாங்க, கண்ணு."

"விளக்க எடுத்துட்டா?"

"அடுத்த கணக்குல யாரும் இருக்கமாட்டாங்க."

ஏவிஸ் எழுந்து வீட்டுக்குள் போனாள். ஜன்னலில் அவள் கை விளக்கைப் பிடிப்பது தெரிந்தது. வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். விளக்கின் கண்ணாடியைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை மனுவில் கையெழுத்துப் போட்டாள்.

இந்த வருஷம் மறுபடி கணக்கெடுப்பு. டட்லிதான் அந்தப் பக்கம் போகிறார். அந்த ஜன்னல் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் வீடு காலி என்று குறித்துவிடுவார். போன வாரம் பேப்பர் படிக்க வந்தபோது அவருக்கு எதிரிலேயே க்ளெனிஸ் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை.