சவுக்கு விறகில் கொதித்த சூரிய வெந்நீர்

மாடியில் சூரிய வெந்நீர்க் கருவி வைக்கலாம் என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஆசை வந்தது. சென்னையில் வெந்நீர் தேவைப்படுவது மழைக்காலத்தில் மட்டுமே. சூரியன் விடுப்பில் போவதும் அப்போதுதான். இந்தச் சிக்கலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, கருவி தயாராகும் இடத்தைப் பார்க்க ஒரு நவம்பர் காலையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் கிளம்பினேன்.

சென்ட்ரலில் ஏழரை மணி மின்ரயில். பட்டரவாக்கத்துக்கு அரை மணி நேரம், டிக்கெட் இரண்டு ரூபாய். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் நடை. மழை பெய்தால், தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போவதில் அது இரண்டாகிவிடும். மழை பெய்தது.

பட்டறை செல்வம் என்பவருடையது. வெல்டர் தாஸையும் சேர்த்து நான்கு பேர் வேலை செய்தார்கள். அன்று மின்வெட்டு. ஆகவே வெயிலில் இயங்கப்போகும் தொட்டிகளை, கறுப்புப் புகை கக்கிய டீசல் ஜெனரேட்டரின் தயவில் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். வெயிலை வாங்கும் தகடுகளில் அடித்த பெயின்ட், விறகு மூட்டிய தகரக் கூண்டுக்குள் காய்ந்தது. செம்பும் கண்ணாடியும் எங்கோ பெரிய உலைகளில் உருகி, லாரி ஏறி வந்தவை. இன்று இதைக் கார்பன் தடம் என்கிறார்கள். அன்று கண்ணெரிச்சல் என்றோம்.

செல்வத்துக்கு அது முக்கியமான நாள். கோத்தகிரியில் ஒரு விடுதிக்குப் பன்னிரண்டு கருவிகள். அவருடைய முதல் பெரிய ஆர்டர். விடுதியின் பொறியாளர் வந்து சோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பொங்கலுக்குப் பிறகு பட்டறை இருக்காது என்று ஆட்களிடம் சொல்லியிருந்தார். வானமோ இருட்டிக் கிடந்தது.

“சூரியன் வர்லன்னா இன்னா நைனா, அடுப்பு கீதுல்ல?” என்றார் தாஸ். அண்டாவில் கொதித்த நீர் ஒரு தொட்டிக்குள் போனது.

பொறியாளர் குடையுடன் வந்தார். குழாயைத் திறந்து விரலை நீட்டியவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கியது. அதைத் துடைத்தபடி கேட்டார்: “என்ன விறகு?”

தாஸ்தான் சொன்னார்: “சவுக்கு சார்.”

பொறியாளர் சிரிக்கவில்லை. “சூரியன் உங்க கையில இல்ல. வந்த சூட்டை விடாம பிடிச்சு வைக்கிறதுதான் உங்க வேலை. நாளைக்குக் காலைல பார்க்கிறேன்.” குழாய்க்கும் மூடிக்கும் அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் நானும் போனேன். மறுபடி இரண்டு ரூபாய். தொட்டிக்கும் வெளித்தகரத்துக்கும் இடையே அடைத்த பஞ்சு மழையில் நனைந்திருக்குமோ என்பதுதான் செல்வத்தின் கவலை. நனைந்த பஞ்சில் சூடு நிற்காது. பொறியாளர் முத்திரையை உடைத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் வந்தது. பொறியாளர் அதிலேயே முகத்தையும் கழுவிக்கொண்டார். தொட்டிகள் போகலாம், தகடுகள் வெயிலைப் பார்த்த பிறகு போகட்டும் என்றார்.

சற்று நேரத்தில் வெயில் வந்தது. தாஸ் வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். “நேத்து எங்க பூட்ட மாமே?”

போக நினைப்பவர்களுக்கு: மின்வெட்டு நாளில் போங்கள், உண்மைச் செலவு கண்ணுக்குத் தெரியும். புகை போகும் பக்கம் நிற்காதீர்கள். வெயில் இலவசம் என்று விற்பவர் சொல்வார். சூடு விடியும்வரை நிற்குமா என்று நீங்கள் கேளுங்கள். பிறக்கும்போதே அந்தக் கருவி எரித்துவிட்ட டீசலையும் சவுக்கையும் செம்பு உலையின் கரியையும் ஈடுகட்டக் கொஞ்ச காலம் பிடிக்கும். அதற்கு முன்பே தொட்டி ஒழுகிவிட்டால், அது மாடியில் ஏற்றிவைத்த விறகடுப்பு, அவ்வளவுதான்.