ஒரு பொழுதும் ஓட்டமும்

போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் நான் தேறிய அன்றே அம்மா திருத்தணி மலை ஏறி, முருகனிடம் பேரம் பேசிவிட்டு வந்தாள். வேலை கிடைத்தால் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி. உடல்தகுதித் தேர்வு முடியும்வரை மகள் மாலை போட்டு, ஒரு பொழுது மட்டும் சாப்பிடுவாள். என்னைக் கேட்கவில்லை. முருகனையும் கேட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த தேர்வுக்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். புருஷன் விட்டுவிட்டுப் போனபின், திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் அம்மாவின் கூலியில் உட்கார்ந்து தின்றவள் நான். இதை விட்டால் வேறு கதியில்லை. பயத்தில் மாலையைப் போட்டுக்கொண்டேன்.

காலையில் மைதானத்தில் ஓட்டம், நீளம் தாண்டல், குண்டு எறிதல். சாயங்காலம் மலைப்பாதையில் ஏற்றம். மத்தியானம் ஒரு தட்டுச் சோறு. ஓடுகிற பெண்ணாயிற்றே என்று அம்மா சோற்றை மலையாகக் குவித்து ரசம் ஊற்றுவாள். முட்டை வீட்டுக்குள் நுழையக்கூடாது. பழகப் பழக வேகம் கூடவேண்டும் அல்லவா? எனக்குக் குறைந்தது. தொடை நடுங்கியது. முதல் வாரம் எறிந்த தூரத்தைக்கூடக் குண்டு தொட மறுத்தது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்றானது என் பிழைப்பு.

என்னோடு ஓடியவள் அரக்கோணத்து மெக்கானிக் ஒருவரின் மகள். கல்லூரியில் கபடி ஆடியவள். ஒருநாள் கண் இருட்டி நான் மைதானத்திலேயே சரிந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இன்னாக்கா துன்றீங்க?”

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

“சும்மா குந்திகினு இருக்கறவங்களுக்கே அது பத்தாதுக்கா. நாம ஓடறோம், குண்டு தூக்கறோம். சதை நைஞ்சு நைஞ்சு திரும்பக் கட்டணும். அதுக்கு மத்தவங்களவிட புரோட்டீன் ஜாஸ்தி வேணும்னு எங்க கோச்சு கத்திகினே இருப்பாரு. சோறு ஓட வைக்கும், சதை கட்டாது. முட்டை வாணாம்னா கடலை, பருப்பு, தயிருன்னு மூணு வேளையும் பிரிச்சுத் துன்னுங்க. ஒரே வேளையில அள்ளிக் கொட்டிக்கினா ஆவாது.”

அன்று அம்மாவிடம் கத்தினேன். “டெஸ்ட்டுக்கு முன்னாலயே செத்துப்பூடுவேன் போலக்குதும்மா. சாமிக்கு என் சதைதான் வேணுமா?”

மறுநாள் அம்மா என்னை மலைக்கு இழுத்துப்போய், சந்நிதி முன்னால் என் கழுத்து மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். “பொண்ணுக்குப் பதிலா நான் இருக்கறேம்பா” என்றாள். முருகன் மறுபேச்சுப் பேசவில்லை.

அதன்பின் எனக்கு மூன்று வேளை. வேர்க்கடலை, பயறு, தயிர். முட்டையை மட்டும் கொல்லையில் கல் கூட்டித் தனிச் சட்டியில் அவித்துத் தருவாள். நடுக்கம் நின்றது. கால் பறந்தது. அந்தச் சந்தோஷத்தில் அம்மாவை நிமிர்ந்து பார்க்கவே தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம் அவளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். கரும்புக் கட்டோடு லாரிப் பலகையில் ஏறும்போது விழுந்துவிட்டாளாம். திண்டு திண்டாக இருந்த கைகள் அவை. இப்போது ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. நான் செய்ததற்குப் பயிற்சி என்று பெயர் இருந்தது. விடிந்ததிலிருந்து குனிந்து வெட்டி, கட்டி, தலையில் சுமக்கிறவளுக்கு அந்தப் பெயரை யாரும் கொடுக்கவில்லை. நைந்தது என்னவோ அதே சதைதான்.

அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “எனக்கு வேலையே வாணாம். நீ துன்னும்மா.”

“பைத்தியமாட்டம் பேசாத. நடுவுல முறிச்சா சாமி உன் காலத்தான் முறிக்கும்.”

“அப்ப நானும் துன்ன மாட்டேன்.”

அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். தடுக்கத் தடுக்கக் கொல்லைக்குப் போய், அடுப்பு மூட்டி, முட்டையை அவித்து உரித்துக்கொண்டு வந்தாள்.

“நீயும் துன்னலன்னா, நான் யாருக்குடி பட்டினி கெடக்கறேன்?”

வாங்கித் தின்றேன். தேர்வு முடியும்வரை தினமும் தின்றேன்.