சயின்ஸ் பாய் வாங்கி வந்த தேன்

ஆரணியில் கலீமுல்லா என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. சயின்ஸ் பாய் என்று கேட்டால் சாயப்பட்டறை வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திச் சாயத்தொட்டிக்கு அனுப்பப்பட்ட மனிதர். படிக்காமல் போனது நெஞ்சிலேயே முள்ளாய்க் கிடந்தது. போனில் பிரசங்க வீடியோக்கள் வரத் தொடங்கியதும் பிடித்துக்கொண்டார். கருவில் பிள்ளை வளர்வதும், இரும்பு வானத்திலிருந்து இறங்கியதும் அன்றைக்கே குர்ஆனில் இருக்கிறதாம், வெள்ளைக்காரன் பிற்பாடுதான் கண்டுபிடித்தானாம். பட்டு நூல் கொண்டுவரும் நெசவாளி பழனியைக்கூட விடமாட்டார். பழனியும் சாயம் காய்கிறவரை தலையாட்டிவிட்டுப் போவார். பள்ளிவாசலிலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கால் மணி நேரம் பேசுவார், நல்ல கூட்டம்.

தொழிலில் ஆள் கெட்டி. எவ்வளவு அவசரமானாலும் முழு நூலையும் தொட்டியில் இறக்கமாட்டார். ஒரு துண்டு நூலை முக்கிப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, மாதிரித் துணியோடு வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றது. முப்பது வருஷத்தில் ஒருதரம்கூட அந்த வழக்கம் தவறியதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் பெண்டாட்டி உடம்பில் அதை மறந்தாரே, அதுதான் வயிற்றெரிச்சல்.

மனைவி ஷம்ஷாத்துக்குச் சர்க்கரை, தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் உண்டு என்கிற வசனம் கலீமுல்லாவுக்கு மனப்பாடம். ஜவ்வாதுமலைத் தேன் ஒரு பாட்டில் வாங்கிவந்து, கருஞ்சீரகம் பொடித்துக் கலந்து, காலையில் ஒரு கரண்டி கொடுத்தார். ஊசி இனி வேண்டாம் என்றார். அவளும் சரி என்று நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் கழித்துச் சர்க்கரையை அளந்தாவது பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. நாலாவது வாரம் இடது காலில் கொப்புளம் வந்து புண்ணாகி, புண் கறுத்துப்போனது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் கலீமுல்லா ஊருக்கு வந்து, பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தின் எதிரில் நேரே போய் உட்கார்ந்தார். குர்ஆனில் விஞ்ஞானம் இருக்கிறதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்.

"தேன்ல நிவாரணம் இருக்குதுன்னு இருக்குது, பாய். ஊசிய நிறுத்துன்னு எங்க இருக்குது? வைத்தியம் பாருங்கன்னு நபிகள் சொன்னாங்களே, அத வுட்டுட்டீங்களே."

"இத்தினி வருஷம் பேசிகினு இருந்தேனே ஹஜ்ரத், அப்பவே சொல்லியிருக்கலாமே."

ஹஜ்ரத் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் வருகிறதே என்று தானும் கேட்டுக்கொண்டுதான் இருந்ததாக மெல்லச் சொன்னார். யாரைக் கோபித்து என்ன செய்ய? கலீமுல்லா எழுந்து வேலூருக்கே பஸ் ஏறினார்.

வழியெல்லாம் ஒரே யோசனைதான். தப்பு தன்னுடையதுதான் என்று ஷம்ஷாத்திடம் சொல்லிவிடவேண்டும். வலது காலிலும் கொப்புளம் தெரிகிறது, ஊசி நின்றால் அதுவும் போகும், உயிரும் நிற்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் மயக்கத்தில் கிடந்த வரைக்கும் ஊசி போட்டார்கள். தெளிந்ததிலிருந்து ஊசிக்குக் கையைக் கொடுக்கமாட்டேன் என்கிறாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, உங்க கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். நடுவுல ரெண்டு நாளு தலை சுத்திச்சு. பயந்துகினு உங்களுக்குத் தெரியாம ஊசி போட்டுகினேன். முழுசா நம்பல. அதான் கால் போயிடுச்சு. மன்னிச்சிடுங்க."

கலீமுல்லா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஊசிய வுடுன்னு அல்லா சொல்லல, ஷம்ஷாத். நான் சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியமா தெரியாது."

அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பள்ளியில அத்தினி பேருக்கு எடுத்துச் சொன்னவரு நீங்க. உங்களுக்கா தெரியாது? என் தப்ப நீங்க தூக்கிக்கிறீங்க."

நர்ஸ் ஊசியோடு வந்து நின்றாள். ஷம்ஷாத் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். இந்தத் தடவை நடுவில் ஊசியைத் தொடமாட்டேன், அந்தத் தேனை எடுத்து வாருங்கள் என்று புருஷனைக் கெஞ்சினாள்.