ஆடி ஞாயிறு எடுத்த ரத்தம்

டாக்டர் காந்திமதி அம்மா பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதி பார்த்தவர். குடியிருந்தது எங்கள் இரும்புலியூரில். காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறினால் இருட்டித்தான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமையாவது படுத்திருக்கலாம். அதையும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்.

எண்பதுகளில் சர்க்கரை என்றால் பணக்கார வியாதி என்றுதான் நினைத்திருந்தோம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஏர் பிடித்தவர்கள் நிலத்தை மனை போட விற்றுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள், இனி இங்கேதான் வரும் என்பார். நிலத்தை விற்ற எங்கள் ஊர் ஜெயவேலுவுக்கு அப்படித்தான் வந்தது. கால்விரல் ஒன்றை எடுத்தார்கள். மாத்திரைக்காக ஒவ்வொரு மாதமும் பட்டணம் போய் வரிசையில் நின்று அலுத்து, போவதையே விட்டுவிட்டார். பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே ரத்தம் பார்த்து மாத்திரையும் கொடுத்தால் இப்படிப்பட்டவர்களின் கால் தப்பும். அதை அரசாங்கத்திடம் கேட்கத்தான் அம்மா ஊரையே கூட்டி ரத்தம் எடுத்தார்.

ஆடி மாதம்; ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டோடு சரி, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். எல்லோரும் குளித்து, நெற்றியில் குங்குமத்தோடு வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உதவியாளர் அசரியா ரத்தம் எடுத்தார். ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை என்று வந்தது. அம்மா ராப்பகலாக அறிக்கை எழுதினார். மேலதிகாரிகள் கூட்டத்துக்கும் நாள் குறித்தாகிவிட்டது.

அதற்கு முந்தின வாரம் ஜெயவேலுவின் மனைவி கிளியம்மாளைக் கூப்பிட்டு, உனக்கும் சர்க்கரை இருக்கிறது என்றார்.

"அன்னிக்கு நான் ஒண்ணுமே துன்னலியே டாக்டரம்மா. கோயில்ல பானகம் குட்ச்சிட்டு நேரா உங்ககிட்டதான் வந்தேன்."

"பானகமா? வெல்லத் தண்ணியாச்சே அது."

"ஆத்தா பிரசாதம்மா. அத்தப் போயி சாப்பாடுன்னுவாங்களா?"

கிளியம்மாள் மட்டுமல்ல. எல்லோரும் அம்மனைக் கும்பிட்டு, கையேந்திப் பானகம் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வரிசையில் நின்றிருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கு மனசு வரும்?

அம்மா எழுதி முடித்த அறிக்கையை மூடி வைத்தார். அசரியாதான் மெல்ல ஆரம்பித்தார்.

"வுடுங்க மேடம். வியாதி நெசந்தானே? மேல குந்திகினு கீறவங்க பானகத்தப் பத்தியா கேக்கப் போறாங்க?"

"அவங்க கேக்க மாட்டாங்க, அசரியா. எனக்குத் தெரியுமே."

கூட்டத்துக்குப் போய், இந்தக் கணக்கு சரியில்லை என்று அவரே சொன்னார். சரியான கணக்கோடு வாருங்கள் என்று பேச்சை முடித்துவிட்டார்கள்.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை விடியும் முன்பே வீடு வீடாகப் போனார். போன தபா எடுத்த ரத்தத்தை எங்கே விற்றீர்கள் என்று கேலி செய்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. அசரியாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அம்மாவுக்குத் தலை நரைத்தது, முழங்கால் வலி வந்தது. கணக்கு முன்னைவிடக் குறைந்துதான் வந்தது. ஆனாலும் யாரும் நினைத்திராத அளவு இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ அறைகளுக்கு வெளியே காத்திருந்தார். கூட்டம் தள்ளிப்போகும், அதிகாரி மாறுவார், புது ஆளிடம் பழையபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அதற்குள் ஜெயவேலுவுக்கு முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் கடவுள் அவரை அழைத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருவழியாக உத்தரவு வந்தது. வாரம் ஒருநாள் சுகாதார நிலையத்திலேயே ரத்தமும் பார்ப்பார்கள், மாத்திரையும் கொடுப்பார்கள். முதல் நாள் அம்மா தானே வந்து ஊசியோடு உட்கார்ந்தார். கிளியம்மாள் முன்னால் வந்து கையை நீட்டினாள். அம்மா அவள் கையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா இது அப்பவே வந்திருக்கும், கிளியம்மா. உங்க வீட்டுக்காரர் காலும் தப்பிச்சிருக்கும்."

கிளியம்மாள் நீட்டிய கையை எடுக்கவில்லை.

"இருக்கும்மா. யார் கண்டா? நீங்க எடுங்க. கோயில் பக்கம்கூட போவாம வந்துகீறேன், பசிக்கிது."