தைவோவின் கையெழுத்து

அபோசெடேவுக்குத் தன் அண்ணன் லசிசி எடுத்த புகைப்படங்கள் மீது சந்தேகம் வந்ததே இல்லை. அண்ணன் மீதுதான் வரும். இபாதான் நகரில் மொகோலா பக்கம் அவன் ஸ்டுடியோ. படம் எடுப்பது அவன் வேலை. ஒப்பந்தம் படிப்பது, உரிமையைக் காப்பது, கண்காட்சிக்காரர்களோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் இவள். வங்கி வேலையை விட்டு வந்த ஒன்பது வருஷத்தில், படத்தில் இருப்பவரின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் ஒரு படத்தையும் வெளியே விட்டதில்லை. ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் அவளைச் சுங்க அதிகாரி என்பார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

பாரிஸ் கண்காட்சி ஒன்றுக்கு முகப்புப் படமாகத் தேர்வானது இரட்டைச் சகோதரிகள் படம். ஒரே நீலத் துணி, ஒரே பெஞ்சு, எதிரும் புதிருமாக இரண்டு பேர். லசிசி கொடுத்த சம்மதத் தாள்களை அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தைவோ, கெஹிந்தே. பெயர்தான் வேறு. எழுத்தின் சாய்வு, கடைசிச் சுழிப்பு, பேனா அழுத்தம் எல்லாம் ஒரே கை.

“இது யாரு போட்ட கையெழுத்துண்ணே?”

“அவங்கதான்.”

“தைவோவை நான் நேர்ல பாக்கணும்.”

“அவ லாகோஸ் போயிருக்கா,” என்றான் லென்ஸைத் துடைத்தபடி.

“எப்ப வருவா? போன் நம்பர் குடு.”

அவன் துடைப்பதை நிறுத்தினான். அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டான். ஆக, அவனே போட்ட கள்ளக் கையெழுத்து. யாராவது கண்டுபிடித்தால் அண்ணன் பெயர் அத்தோடு போச்சு.

சந்தையில் கெஹிந்தே கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள். அபோசெடே தாள்களை நீட்டினாள். இரண்டும் தான் போட்டதுதான் என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

“அவ பேர்ல நீ ஏம்மா போட்டே?”

“பின்ன யாரு போடுவாங்கக்கா? அவ லாகோஸ் போயி பதினோரு வருஷமாச்சு. படத்துல அவளும்தானே உக்காந்திருக்கா.”

அபோசெடேவுக்கு அப்போதுதான் உறைத்தது. இரட்டையரில் ஒருவர் இறந்தால், இறந்தார் என்று அவள் இனத்தில் யாரும் சொல்வதில்லை. லாகோஸ் போயிருக்கிறார் என்பார்கள். இரட்டையராகப் பிறந்த அத்தை மகன்களில் ஒருவனைப் பற்றி அவளே எத்தனையோ தடவை அப்படிச் சொல்லியிருக்கிறாள். சந்தேகம் காதை அடைத்துவிட்டது. போன் நம்பர் கேட்டிருக்கிறாள். அண்ணன் ஒருத்தியையே இரண்டு பக்கமும் உட்காரவைத்து எடுத்து இணைத்திருக்கிறான்.

சட்டப்படி வழி இருந்தது. தாளின் அடியில் ஒரு கட்டம். காலமானவர் என்று குறித்து, உறவினர் கையெழுத்திடலாம். அதைக் காட்டி மெதுவாக விளக்கினாள். கெஹிந்தே படித்துப் பார்த்தாள். அந்தக் கட்டத்தைத் தொடாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிழங்கைப் புரட்டினாள்.

முகப்புப் படத்தை மாற்றச் சொல்லி அன்று மாலையே பாரிஸுக்கு எழுதினாள் அபோசெடே. லசிசி பின்னால் நின்று படித்தான்.

“கையெழுத்து செல்லாதா?”

“செல்லும்ணே. பாரிஸ்காரங்களுக்குத்தான் அதைப் படிக்கத் தெரியாது.”